பதினேழாம் இணைப்பின் தேதி

“இணைப்பு எண் 17. காஜா பேராங் சாலை, இடப்பக்கம். திறந்தது 13-1-58. மூடியது 14-1-58. இணைத்தவர் குறி 3.”

இது ஓர் அலுவலகப் பதிவேட்டில் இருந்த வரி. மூலம் ஆங்கிலத்தில், கையெழுத்து என்னுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில் இந்த ஒரு வரியை மட்டும் என் சொந்தக் குறிப்பேட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். மழை, விருந்தாளி, சாவு, கல்யாணம், படித்து முடித்த புத்தகம் என்று எதையும் நாளும் கிழமையும் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பதினைந்து வயதிலிருந்து உண்டு. அந்தக் குறிப்பேடுகளிலும் பிழைகள் இருந்தன. கண்ணில் பட்டபோதெல்லாம் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். மேலே உள்ள வரியில் ஒரு பிழை இருக்கிறது. திருத்த வேண்டிய நாளில் அதை நான் திருத்தவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற ஆண்டு மலாக்காவில் அந்தக் காஜா பேராங் சாலையோரத்தை மறுபடியும் தோண்டினார்கள் என்பதுதான். ஆரஞ்சு நிறக் குழாய்களை இறக்கி, அவற்றுக்குள் கண்ணாடி இழைக் கேபிளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ கட்டப்படும் ஒரு பெரிய தரவு மையத்துக்குப் போகிறது என்றார்கள். நான் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த தமிழர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னா அங்கிள், வீட்டுல இண்டர்நெட் ஸ்லோவா?”

“இல்ல. இதுல ஜாயிண்ட் போட்டா எப்ப போட்டதுன்னு யாரு எழுதி வைப்பாங்க?”

“யாரும் எழுத வேணாம் அங்கிள். ஒட்டுற மெஷினே தேதி, மணி எல்லாம் போட்டு வெச்சுக்கும். எவன் கையும் படாது.”

நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை பழைய குறிப்பேடுகளை வெளியே எடுத்தேன்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தொலைபேசிக் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் என்றால் போதும். நிலத்தடிக் கேபிள் வருவதற்கு முன்பெல்லாம் மலாக்காவிலிருந்து வெளியூருக்குப் பேசக் கம்பத்தின் மேல் ஓடும் கம்பிகள்தாம் இருந்தன. ஒரு ஜோடிக் கம்பியில் ஒரு பேச்சு. கோலாலம்பூருக்கு அழைப்பைப் பதிவுசெய்துவிட்டு, ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். மரம் சாய்ந்தால் அதுவும் கிடையாது. 1957இல் மலாயா பெற்ற சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நகரத்திலிருந்து வடக்கே போகும் சாலையோரமாகக் கேபிள் புதைக்கத் தொடங்கினார்கள். முன்கைக் கனத்தில் ஈயக் குழாய். அதற்குள் காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகள் நூற்றுக்கணக்கில். வங்கிக்காரர்களும் ரப்பர் வியாபாரிகளும் எப்போது முடியும் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். புதிய நாட்டின் அலுவலகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒரே நேரத்தில் பேசும் என்று எங்கள் எஞ்சினியர் வருகிறவர்களிடம் சொல்வார். அவர் ஆங்கிலேயர், இன்னும் ஓராண்டோ ஈராண்டோ இருந்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியவர்.

கேபிள் ஒரே நீளமாக வராது. உருளை உருளையாக வரும். ஓர் உருளை முடியும் இடத்தில் குழி வெட்டி, இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும். ஈயத்தை உரித்து, ஒவ்வொரு கம்பியாகத் தேடி முறுக்கி, முறுக்கின் மேல் காகிதக் குழல் மாட்டி, ஈரம் போகக் கொதிக்கும் மெழுகை ஊற்றி, எல்லாவற்றின் மேலும் ஓர் ஈய உறையை இழுத்து, அதன் இரு வாயையும் உருக்கிய ஈயக் கலவையால் பூசி அடைப்பார்கள். இந்த வேலையில் ஒரே ஒரு எதிரி தண்ணீர். திறந்த இணைப்பை அன்றே மூடிவிட வேண்டும். இரவு முழுவதும் திறந்து கிடந்தால் காகிதம் பனியைக் குடிக்கும். அது உடனே தெரியாது. மாதங்கள் கழித்து மழையில் தெரியும்.

குறி மூன்று என்று பதிவேட்டில் இருக்கும் இணைப்புக்காரர் காஜா பேராங்கிலேயே குடியிருந்தார். மலாக்கா செட்டி, பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழியில் வந்தவர். நெற்றியில் திருநீறு, பெயர் முழுத் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க மலாய். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை ‘பாங்’ என்று மலாயில் அண்ணன் முறை சொல்லி அழைப்பேன். அவர் என்னை ‘கிராணி’ என்பார், குமாஸ்தாவுக்கு இங்கே அதுதான் பெயர். கொதிக்கும் கலவையை ஒரு கரண்டியால் ஊற்றிக்கொண்டே மறு கையில் கொழுப்புத் தடவிய துணியால் வழித்துவிடுவார். ஆறியபின் தடவிப் பார்த்தால் எந்த இடத்தில் உறை முடிந்து எந்த இடத்தில் பூச்சு தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது.

அவருக்கு உதவியாளாக இருந்தவரை எல்லோரும் ‘மேட்’ என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பதை நெருங்கியவர். அடுப்பை ஊதிக்கொண்டு இணைப்புக்காரரைச் சீண்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு.

“பேரப் பாத்தா பெரிய எடத்துப் புள்ள. வாயத் தொறந்தா ‘அப்பா காபார்’. என்னா கிராணி, இது எந்த ஊருத் தமிழு?”

‘அப்பா காபார்’ என்றால் மலாயில் ‘நலமா’. இணைப்புக்காரருக்குத் தமிழ் பேச வராதே தவிர, கேலி புரியும்.

“சாயா தா தாவ் தமில். தாப்பி சாமி தாவ் சாயா” என்பார். நான் தமிழை அறியேன், ஆனால் சாமி என்னை அறியும்.

“சாமிக்கு மலாயு தெரியுமாலா?” என்று மேட் விடமாட்டார்.

இவர்கள் இருவரும் அன்றாடக் கூலிக் கணக்கில் வேலை செய்தவர்கள். பதினான்கு ஆண்டு இணைப்பு வேலை பார்த்தும் இணைப்புக்காரர் நிரந்தரம் ஆகவில்லை. வெள்ளைக்காரர்கள் போகப் போக, உள்ளூர் ஆட்களை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாரானது. ஓய்வூதியம், மருத்துவமனையில் மரியாதையான படுக்கை, கிழட்டு வயதில் பிள்ளைகளிடம் கையேந்தாத நிலை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதற்கு வயது வரம்பு உண்டு. 1958 முடிந்தால் அவர் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். முதல் பெயர் அவருடையது.

என் வேலை இணைப்புப் பதிவேடு. காலையில் குழியைத் திறந்ததும் ஒரு துண்டுச்சீட்டு வரும், மூடியதும் இன்னொன்று. இணைப்புக்காரர்கள் பென்சிலால் எழுதிய அந்தச் சீட்டுகளைப் பார்த்து நான் மையால் பதிவேட்டில் ஏற்றுவேன். எஞ்சினியர் அதை விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுவார். ஒரு அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை. இணைப்புக்காரர் கூட ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “புக்கு கிராணி தா பெர்னா சாலா” என்றார். கிராணியின் புத்தகம் ஒருநாளும் தப்பாகாது.

தப்பு அதன் சுத்தத்திலேயே இருந்தது. கடிதங்களுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி: மாலை நான்கு மணிக்குப் பிறகு வருவதற்கு மறுநாள் முத்திரை. சரியாக நான்கு மணிக்கு முத்திரையின் தேதிச் சக்கரத்தை நான் திருப்பிவிடுவேன். இந்த விதி இணைப்புச் சீட்டுகளுக்கு என்று யாரும் சொல்லவில்லை. நானே அவற்றையும் முத்திரை குத்தினேன். முத்திரைத் தேதியும் பதிவேட்டுத் தேதியும் வேறு வேறாக இருப்பது என் கண்ணை உறுத்தியதால், பதிவேட்டிலும் முத்திரைத் தேதியையே எழுதினேன். திறப்புச் சீட்டு காலையில் வருவதால் அதில் வித்தியாசம் வராது. மூடும் சீட்டு நான்குக்குப் பிறகு வந்தால் ஒரு நாள் தள்ளி விழும். அப்படி விழுந்தவை சிலவே, பழுது வராதவரை அவற்றை யாரும் ஒத்துப் பார்க்கவும் இல்லை. பென்சில் சீட்டுகளை மாதக் கடைசியில் எரித்துவிடுவேன். மேசை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

1958 ஜனவரி 13, திங்கட்கிழமை. பொங்கலுக்கு முந்தின நாள். அன்று செட்டி வீடுகளில் முன்னோருக்குப் படையல், பார்ச்சு என்பார்கள். இலை போட்டு, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் மீன் குழம்பும் பலகாரங்களும் வைத்து, வீட்டார் விலகி நின்று, போனவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும் வரை காத்திருப்பார்கள். வீட்டுக்கு மூத்த மகன் குளித்து முன்னால் நிற்க வேண்டும். இணைப்புக்காரர் மூத்த மகன். பதினேழாம் குழி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தாலும் அவர் வேலையைப் பாதியில் விட்டுப் போகவில்லை. முடித்துவிட்டு, சீட்டைத் தாமே எடுத்துக்கொண்டு சைக்கிளில் அலுவலகம் வந்தார். சட்டையில் மெழுகு வாடை.

“மன்னிக்க வேண்டும் கிராணி, நேரமாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். நாளைக்கு எனக்கு லீவு. நீ வீட்டுக்குச் சாப்பிட வா” என்றார் மலாயில்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. முத்திரையின் சக்கரம் ஏற்கனவே 14க்குத் திரும்பியிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே குத்தினேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அதற்கு மறுநாள், எந்த எண்ணமும் இல்லாமல், மேலே எடுத்து எழுதிய வரியைப் பதிவேட்டில் ஏற்றினேன்.

நவம்பரில் பெருமழை. முதலில் வடக்கே போகும் பேச்சுகளில் இரைச்சல். பிறகு ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்டது. ரப்பர் வியாபாரி ஒருவர் தம் போட்டியாளர் விலை பேசுவதைக் கேட்டுவிட்டார் என்று ஊரில் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பெரும்பாலான கம்பிகள் செத்துப் போயின. தொலைபேசி நிலையத்திலிருந்து அளந்து பார்த்ததில் பழுது பதினேழாம் இணைப்புக்கு அருகில் என்று வந்தது. மழையிலேயே தோண்டி, கேபிளை அந்த இடத்தில் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்தார்கள். உள்ளே காகிதம் கஞ்சி போல நனைந்திருந்தது என்றார்கள்.

தலைமையகத்துக்குக் காரணம் எழுத வேண்டும். எஞ்சினியர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். திறந்தது 13, மூடியது 14. விடுப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். குறி மூன்று, 14 அன்று விடுப்பு. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்: பண்டிகைக்காக இணைப்பை இரவு முழுவதும் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார், பிறகு யாரோ மூடியிருக்கிறார்கள், அல்லது அவரே திருட்டுத்தனமாக வந்து மூடியிருக்கிறார்.

டிசம்பர் முதல் வாரத்தில் எஞ்சினியர் அறையில் விசாரணை. எஞ்சினியர், தலைமைக் கிராணி, மேட், இணைப்புக்காரர், நான். முதலில் மேட். தலைமைக் கிராணி கேள்வியைத் தமிழில் சொன்னார்.

“பதினேழாம் குழிய எப்ப மூடுனீங்க?”

“பொங்கலுக்கு மொத நாளு சார். இவரு வீட்டுல படையல். வெரசா முடிக்கணும்னு மத்தியானச் சோறுகூட திங்கல.”

“அது என்னா தேதி?”

“தேதி எல்லாம் கிராணிக்குத்தான் சார் தெரியும். எனக்குத் தெரிஞ்சது பொங்கல்.”

“தோட்டத்துல மூணு நாளு கொண்டாடுவீங்களே, அதுல எந்தப் பொங்கல்? மாட்டுப் பொங்கலுக்கு மொத நாளுன்னா பதினாலு.”

“மாட்டுப் பொங்கல் இல்ல சார்... பெரும் பொங்கலுக்கு மொத நாளு. செட்டிமாருக்கு அன்னைக்குத்தானே சாமி கும்புடு...”

“எத்தனை பொங்கல்யா உங்களுக்கு!” என்று தலைமைக் கிராணி சிரித்துவிட்டு, எஞ்சினியரிடம் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொன்னார்: இவனுக்குத் தேதி தெரியாது, கூட வேலை செய்கிறவனுக்காகப் பேசுகிறான்.

அடுத்து நான். பதிவு என்னுடையதா என்று எஞ்சினியர் கேட்டார். ஆமாம் என்றேன். பிழை ஏதும் உண்டா என்றார். இல்லை என்றேன். அந்த மனிதர் முட்டாள் அல்ல. பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “மூடியது என்று இங்கே இருக்கிறதே, அது இணைப்பு உண்மையிலேயே மூடப்பட்ட நாள்தானே?”

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. நான்கு அடித்த கடிகாரம், மெழுகு வாடை, எல்லாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால், பதினேழாம் வரி மட்டும் அல்ல, இரண்டு ஆண்டுகளாக நான்கு மணிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு சீட்டும் பொய்த் தேதியில் கிடக்கிறது என்று ஆகும். உதவித் தலைமைக் கிராணி இடத்துக்கு என் பெயர் போயிருந்தது. என் தகுதிக்கு அத்தாட்சி அந்தப் புத்தகம். வேறு யாருக்கும் தெரியாது, சீட்டும் இல்லை.

“பதிவேட்டில் உள்ளது அதுதான், ஐயா” என்றேன்.

அது பதில் இல்லை. அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்.

கடைசியில் இணைப்புக்காரர். “சூடா தூத்தோப். ஹாரி இத்து ஜூகா” என்றார். மூடிவிட்டேன், அன்றைக்கே. எஞ்சினியர் பதிவேட்டை அவர் முன் தள்ளினார். அவருக்கு எண்கள் படிக்கத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் பார்த்தது, ஒரு சந்தேகத்தை வாத்தியாரிடம் கேட்பது போல. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“புக்கு கிராணி தா பெர்னா சாலா” என்று மெதுவாகச் சொன்னார். “ஒருவேளை சீட்டில் நான்தான் மாற்றி எழுதிவிட்டேனோ என்னவோ.”

தலைமைக் கிராணி அதைக் குறித்துக்கொண்டார். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அறிக்கை போயிற்று. பட்டியல் திரும்பி வந்தது. முதல் பெயரை நீக்கி மறுபடி தட்டச்சு செய்தேன். வேலையிலிருந்து நீக்கவில்லை. அது கருணை என்று பேசிக்கொண்டார்கள். கேபிளைத் தொடக் கூடாது என்று சொல்லி, கம்பம் நடும் கூட்டத்தில் போட்டார்கள். அந்த ஆண்டும் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “கிராணி, அந்தச் சீட்டை நான் ஒருமுறை பார்க்கலாமா? என்ன எழுதினேன் என்று எனக்கே தெரிய வேண்டும். வீட்டில் கேட்கிறார்கள்” என்றார்.

“எரிச்சாச்சு, பாங். மாசா மாசம் எரிச்சிடுவோம்.”

“தாப்பா” என்றார். பரவாயில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அப்போதும் சொல்லவில்லை.

மேட்டிடம்தான் முதலில் சொன்னேன். 1959 பொங்கல் அன்று, ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கோயிலுக்குப் போய்விட்டு எதிரில் வந்தார். என்னைக் கண்டும் காணாதது போலப் போனவரை நிறுத்தித் தெருவோரம் அழைத்துப்போய்ச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசித்திருக்கிறேன். மன்னிப்பு வாங்க எளிதான ஆளாகத் தோன்றியிருக்க வேண்டும்.

“முத்திரையா?” என்றார். “நாலு மணிக்கு மேல வந்தா நாளைக்கா? அடப்பாவி, சூரியன் உன்னக் கேட்டா விழுது? அவன் பச்சத் தண்ணி குடிக்காம மூடுனான்யா. நான் பாத்தேன்யா. என்னைய அங்க கோமாளியா நிக்க வெச்சு எத்தன பொங்கல்னு சிரிச்சானுங்க, நீயும் கூட நின்ன!”

“இப்போ போய்ச் சொன்னா...”

“யாருகிட்ட சொல்லுவ? ஆண்டு போச்சு, வயசு போச்சு. அவன் சீட்டு உள்ளேயே கெடந்துச்சு, அதயாச்சும் யாராச்சும் பாத்தானுங்களா?”

எந்தச் சீட்டு என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது. பழைய இணைப்புக்காரர்கள் உறையை இழுத்து மூடும் முன் ஒரு சிறு காகிதத்தில் நாள், மணி, தம் குறி ஆகியவற்றை எழுதி, மெழுகில் தோய்த்து உள்ளே செருகிவிடுவார்களாம். கையெழுத்துப் போடுவது மாதிரி. விதிப்படி அது குற்றம். இணைப்புக்குள் அந்நியப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. விசாரணையில் அதைச் சொல்லியிருந்தால், வெட்டி எடுத்த துண்டைப் பிளந்து பார்த்திருப்பார்கள். மற்ற இணைப்புக்காரர்களின் இணைப்புகளையும் பிளந்திருப்பார்கள். “நாலு பேரு சோத்துல மண்ணு விழும்னு அவன் வாயத் தொறக்கல. என்னையும் தொறக்க விடல” என்றார் மேட்.

மறுநாளே பண்டக சாலைக்குப் போனேன். வெட்டி எடுத்த துண்டுகளைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே பழைய ஈயத்தோடு சேர்த்து விற்றுவிட்டதாகப் பண்டகக்காரர் சொன்னார். வாங்கியவர் கடை தெங்கேராவில் இருந்தது, அங்கும் போனேன். மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் ஒரு சாக்கில் கிடந்தன. பழசை எல்லாம் உருக்கி ஊற்றிவிட்டோம், உள்ளே கம்பியும் காகிதமுமாக இருந்ததை அடுப்பெரிக்கப் போட்டோம் என்றார் கடைக்காரர். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த ஆண்டு மழையில் அதே இடத்தில் மறுபடியும் பழுது. இந்த முறை புதுத் துண்டையும் தாண்டிச் சில கஜம் தோண்டினார்கள். வேலிக்கு அடித்த ஒரு இரும்பு முளை கேபிளின் ஈயத்தைக் கிழித்திருந்தது. துருவைப் பார்த்தால் பல காலமாக அங்கேயே இருந்திருக்கும் என்று புதிய எஞ்சினியர் சொன்னார். முளையிலிருந்து கேபிளுக்குள்ளேயே தண்ணீர் ஓடிப் பதினேழாம் இணைப்பில் தங்கியிருக்கலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். பழைய அறிக்கையை யாரும் எடுக்கவில்லை. எடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. அப்போது நான் உதவித் தலைமைக் கிராணி. பழுது சரிசெய்யப்பட்ட நாளை, உண்மையில் சரிசெய்யப்பட்ட நாளாகவே, பதிவேட்டில் ஏற்றினேன். முத்திரைப் பழக்கத்தை ஒரு வருடம் முன்பே சத்தமில்லாமல் விட்டிருந்தேன்.

இணைப்புக்காரர் 1960இல் வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போனார். அங்கே ஒரு கேபிள் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்ததாகக் கேள்வி. முகவரி எனக்குக் கிடைத்தது. மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் தேதி போட்டேன். மூன்றும் என்னிடமே இருக்கின்றன. மலாயில் எழுத முயன்றதில் ‘முத்திரை’க்கு நல்ல சொல் கிடைக்கவில்லை என்று ஒரு கடிதத்தின் மூலையில் குறித்திருக்கிறேன். அந்தக் காரணத்தை எழுதியபோது எனக்கு வெட்கம் வந்ததா என்று குறிக்கவில்லை. அவர் அங்கேயே இறந்தார். செய்தி எனக்கு வந்தது ஈமக் காரியங்கள் முடிந்த பிறகுதான்.

அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் மிச்சம்.

1961இல், புக்கிட் பாருவில் ஒரு கல்யாண வீட்டில், மேட் என்னிடம் சொன்னார்: “எல்லாத்தையும் சொல்லிட்டேன். தம்பின் ஸ்டேஷன்ல ரயிலு ஏத்தி விடுறப்ப சொன்னேன். முத்திரை, நாலு மணி, எல்லாம்.”

“என்ன சொன்னாரு?”

“சிகரெட்டு இருக்கான்னு கேட்டான். கொடுத்தேன். ரயிலு போயிருச்சு.”

தம்பின்தான் மலாக்காவுக்குப் பக்கத்து ரயில் ஊர். பல ஆண்டுகள் அதை உண்மையென்றே வைத்திருந்தேன். அவர் தெரிந்துகொண்டே எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். அவர் இறந்தபின் காஜா பேராங் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது, பேச்சுவாக்கில் அவர் மனைவியிடம் ரயில் ஏற்றிவிட்டது பற்றிக் கேட்டேன். ரயிலா என்றார் அவர். கணவர் தம் தம்பியோடு மலாக்காவிலேயே பஸ் ஏறி, மூவார் வழியாகப் போனாராம். வழியனுப்ப அந்த அம்மாள் போயிருக்கிறார். மேட் அங்கே இல்லை. கிராணியைப் பற்றிக் கணவர் எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். எழுத்து அழகாக இருக்கும் என்று சொல்வார் என்றார்.

மேட்டிடம் திரும்பவும் கேட்டேன். அப்போது அவருக்கு உடம்பு முடியாமல் இருந்தது. “ரயிலா, பஸ்ஸா... சொன்னேன்லா. சொல்லலியோ. சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார்.

மேட் முதலில் சொன்னதையும் அந்த அம்மாள் சொன்னதையும் அவரவர் சொன்ன தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். தேதி மாறியது என் கையால்தான் என்பது இணைப்புக்காரருக்குத் தெரியுமா, அல்லது சீட்டில் தாமே தப்பாக எழுதிவிட்டோம் என்ற எண்ணத்தோடு இறந்தாரா என்பது உறுதிசெய்யப்படவில்லை.